கதைக்காகவா, களத்துக்காகவா?

வீடியோ விளையாட்டுகளுள் ஆர்.பி.ஜி. எனப்படும் வகை ஒன்று உண்டு. ஆடுகிறவர் ஒரு பாத்திரத்தையோ ஒரு சிறு கூட்டத்தையோ தம் பொறுப்பில் ஏற்று, ஊர் ஊராக அழைத்துச் சென்று, எதிர்ப்படுவோருடன் பேசியும் போரிட்டும், அவர்களுடைய ஆற்றலைப் படிப்படியாக வளர்த்து, ஒரு நெடுங்கதையை அதன் முடிவுவரை நடத்திச் செல்வது இவ்வகையின் பொது லக்ஷணம். அதற்குள்ளும், எதிரியும் நாமும் மாறி மாறி முறைவைத்துப் போரிட, நம் முறை வரும்போதெல்லாம் நாம் யோசித்து முடிக்கும்வரை இயந்திரம் பொறுமையோடு காத்திருக்கும் ‘டர்ன் பேஸ்டு’ விளையாட்டுகள் தனிக்கிளையாக வளர்ந்திருக்கின்றன. கதைக்காகவே புகழ்பெற்ற இத்தகைய விளையாட்டு ஒன்றை விலைகொடுத்து வாங்கலாமா, வேண்டாமா என்பதே இங்கே நாம் ஆராயப் புகும் விஷயம்.

இதை அற்ப விஷயமென்று ஒதுக்கிவிட முடியாது. திரைப்படம் ஏமாற்றினால் மூன்று மணி நேரம் போகும். நாவல் ருசிக்கவில்லையென்றால் ஐம்பதாம் பக்கத்தில் மூடிவைத்துவிடலாம். ஆனால் ஜப்பானின் அட்லஸ் நிறுவனம் வெளியிட்ட ‘பெர்சோனா 5 ராயல்’ போன்ற ஒரு விளையாட்டு, கதையை மட்டும் முடிப்பதற்கே சுமார் 100 மணி நேரத்தைக் கேட்கிறது. அலுவலும் குடும்பமும் உள்ள ஒருவர் நாளொன்றுக்கு இரண்டு மணி நேரத்தை இதற்கென்று ஒதுக்குவதே அரிது என்று கொண்டால், ஏறத்தாழ இரண்டு மாத காலத்தின் ஓய்வு முழுவதையும் அவர் அதற்கு அர்ப்பணம் செய்தாக வேண்டும். கடையில் கொடுக்கும் கிரயத்தைக் காட்டிலும் இந்தக் காலமே பெரிய கிரயம். ஆதலால் வாங்குமுன் யோசிப்பது கருமித்தனம் ஆகாது. தன் ஆயுளின் ஒரு பகுதியை எங்கே செலவிடுவது என்று விவேகத்தோடு நிர்ணயிப்பதே ஆகும்.

இக்கட்டுரையின் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதையின் கீர்த்தி நம்மை வாங்கத் தூண்டுகிறது. வாங்கிய பிறகு நம் பொழுதில் பெரும்பகுதியை எடுத்துக்கொள்வதோ போர்க்களம். கதை எப்படி இருக்கும் என்பதைப் பிறர் வாயால் ஓரளவு கேட்டறியலாம். களம் நமக்கு ஒத்துவருமா என்பதை நம் கையால் தொட்டுத்தான் அறிய முடியும். ஆகவே களத்தை வைத்தே நிர்ணயிக்க வேண்டும். களமும் கதையும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றனவா என்பதே நாம் கேட்க வேண்டிய தலையாய கேள்வி.

பூர்வீகம்

இந்த இணைப்பு எப்படி ஏற்பட்டது என்று பார்த்தால், கதையும் முறைவைத்த போரும் தொடக்கத்திலேயே உடன்பிறந்தவை என்பது விளங்கும். 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவர் உருவாக்கி வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்பது, நண்பர்கள் சிலர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, காகிதமும் பகடையும் கொண்டு, ஒருவர் கதை சொல்ல மற்றவர் அதில் பாத்திரங்களாகப் புகுந்து ஆடும் ஆட்டம். மேஜையில் ஒருவர் பின் ஒருவராகத்தானே பேச முடியும்? ஆகையால் முறைவைத்தல் அங்கே இயல்பாகவே அமைந்தது. 1981-இல் ‘அல்டிமா’, ‘விஸார்ட்ரி’ என்னும் இரண்டு விளையாட்டுகள் அந்த ஆட்டத்தைக் கணினிக்குள் கொண்டுவந்தன. அவற்றில் மனம் தோய்ந்த ஜப்பானியர் யூஜி ஹோரி, 1986-இல் எனிக்ஸ் நிறுவனத்துக்காக ‘டிராகன் குவெஸ்ட்’ என்ற விளையாட்டை, தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து ஆடும் சிறு கருவி ஒன்றுக்கென அமைத்தார். அது முழுவதும் வெறும் 64 கிலோபைட்டுக்குள் அடங்கியது. போரிடு, மந்திரம் சொல், பொருளைப் பயன்படுத்து, ஓடிவிடு என்னும் சில கட்டளைகளே அதில் போருக்கு உண்டு. எனினும் அதில் ஒரு பெரிய ஜனநாயகம் இருந்தது: விரல்வேகம் இல்லாதவரும், பொறுமையோடு தம் வீரனை வளர்த்தால், கதையின் முடிவைக் காண முடியும். அடுத்த ஆண்டே ஸ்கொயர் நிறுவனம் ‘ஃபைனல் ஃபேன்டஸி’யைக் கொண்டுவந்தது, 1997-இல் அத்தொடரின் ஏழாம் பாகம் மூன்று குறுந்தகடுகளில் விரிந்து, உலகெங்கும் பரவியது.

அதன்பின் இயந்திரங்களின் வேகம் பெருகப் பெருக, முறைவைத்து ஆடுவது பழங்காலத்து இயலாமையின் மிச்சம் என்ற அபிப்பிராயம் வலுத்தது. ஃபைனல் ஃபேன்டஸி தொடரே 2016-இல் வந்த பதினைந்தாம் பாகத்திலும், 2023-இல் வந்த பதினாறாம் பாகத்திலும் அம்முறையைக் கைவிட்டு, நேர்வேகப் போருக்கு மாறிவிட்டது. ஆனால் காலம் வேறு தீர்ப்பைச் சொன்னது. அடிதடிக்கே பெயர்பெற்ற ‘யாகுஸா’ தொடர் 2020-இல் முறைவைத்த போருக்கு மாறியது. பெல்ஜியத்து கென்ட் நகரின் லாரியன் நிறுவனம் 2023-இல் வெளியிட்ட ‘பால்டர்ஸ் கேட் 3’ அவ்வாண்டின் தலைசிறந்த விளையாட்டு என்ற விருதைப் பெற்றது. பிரான்ஸின் மோன்பெலியே நகரில் ஒரு சிறிய நிறுவனம் தன் முதல் படைப்பாக 2025-இல் கொண்டுவந்த ‘கிளேர் ஒப்ஸ்கூர்: எக்ஸ்பெடிஷன் 33’ அதே விருதை அவ்வாண்டு தட்டிச் சென்றது. யோசிக்க அவகாசம் தரும் ஆட்டத்துக்கு இக்காலத்திலும் ரசிகர்கள் ஏராளமாக உண்டு என்பதற்கு இவற்றைவிட வேறு சாட்சியம் வேண்டியதில்லை.

களமும் கதையும் கலக்கும் விதம்

நல்ல விளையாட்டில் போர் என்பது கதைக்கு இடையே வரும் தடங்கலாக இராது. கதை சொல்லும் மற்றொரு வழியாகவே இருக்கும். ஃபைனல் ஃபேன்டஸியின் ஏழாம் பாகத்தில், முதல் குறுந்தகட்டின் இறுதியில், கூட்டத்தில் ஒருத்தி இறந்துபோகிறாள். எவ்வளவோ கதைகளில் எவ்வளவோ பேர் இறக்கிறார்கள். இவள் சாவு மட்டும் ஒரு தலைமுறையின் நெஞ்சில் ஏன் தங்கிவிட்டது? காயம் ஆற்றும் வல்லமையில் அவள் தனித்து விளங்கியவள்; பல மணி நேரம் அவளுக்கு ஆயுதம் தேடித்தந்து, ஆற்றல் வளர்த்து, ஆபத்து வேளைகளில் அவள் முறை எப்போது வரும் என்று ஏங்கி நின்றவர்கள் நாம். அதன்பின் வரும் போர்களின் வரிசையில் அவள் இனி என்றும் இல்லை என்றாகிறது. கண்ணால் கண்ட மரணத்தைக் கைகள் உணர்வது அப்போதுதான். வேறு எந்தக் கலைவடிவத்துக்கும் எளிதில் கிட்டாத சோகரசம் இது. களத்தின் துணையின்றி இது பிறந்திருக்க முடியாது.

பெர்சோனா 5-இல் இந்தக் கலப்பு இன்னும் நுட்பமானது. டோக்கியோவில் ஒரு பள்ளி மாணவன் ஏப்ரல் மாதம் தொடங்கி ஓர் ஆண்டைக் கழிக்கிறான்; பள்ளி விட்ட பின் ஒரு வேளை, இரவில் ஒரு வேளை என்று நாளொன்றுக்குச் சில வேளைகளே அவனுக்கு உரியவை. அவற்றைப் படிப்பில் செலவிடுவதா, வேலை செய்து பணம் ஈட்டுவதா, தோழர் ஒருவரோடு உட்கார்ந்து அவர் துயரத்தைக் கேட்பதா என்பதை நாம்தான் தீர்மானிக்க வேண்டும். அப்படிக் கேட்டுக் கேட்டு நட்பு முதிர்ந்த தோழன், பின்னொரு நாள் களத்தில் தலைவன் மீது விழவிருக்கும் மரண அடியைத் தான் குறுக்கே பாய்ந்து ஏற்றுக்கொள்கிறான். பழகாத தோழன் அவ்வாறு பாய்வதில்லை. நட்பென்பது வசனமாக மட்டும் நின்றுவிடாமல் உயிர்காக்கும் செயலாக மாறுவதை நாம் அங்கே பிரத்யட்சமாகக் காண்கிறோம்.

கிளேர் ஒப்ஸ்கூரின் கதை விசித்திரமானது. கடலுக்கு அப்பால் ஓங்கி நிற்கும் பெருந்தூண் ஒன்றில் ஓவியக்காரி ஒருத்தி ஆண்டுதோறும் ஓர் எண்ணை எழுதுகிறாள். அந்த வயதினர் எல்லோரும் புகையாகி மறைகின்றனர். எண்ணோ ஆண்டுக்கு ஒன்றாகக் குறைந்துகொண்டே வருகிறது. அவளை அழிக்க ஒவ்வோர் ஆண்டும் ஒரு படை புறப்படுகிறது. இவ்விளையாட்டில் எதிரியின் முறை வந்தாலும் நாம் கைகட்டி இருக்க முடியாது. எதிரி ஆயுதத்தை ஓங்கி, ஒரு கணம் தாமதித்து, மறுகணம் இறக்குகிறான். அந்த இறக்கத்தை மிகச் சரியான நொடியில் தடுத்தால் அடுத்த செயலுக்கான வலிமை சேர்கிறது, எல்லா அடிகளையும் தடுத்துவிட்டால் பதிலடியும் கிட்டுகிறது. கணம் தவறினால் அடி முழுவதும் நம் மேல் விழுகிறது. முன் சென்று மடிந்த படையினர் எழுதிவைத்த நாட்குறிப்புகள் வழியெல்லாம் கிடைத்துக்கொண்டேயிருக்க, சற்று அயர்ந்தாலும் நமக்கும் அதே கதிதான் என்ற உணர்வை ஒவ்வொரு சண்டையும் புதுப்பிக்கிறது. ஆனால் முறைவைத்த ஆட்டம் என்பதற்காகவே, விரல்வேகத்தை வேண்டாதவராக, இதை வாங்க நினைப்பவர் ஒன்றை அறிந்துகொள்ள வேண்டும்: எளிய நிலையைத் தேர்ந்து சிரமத்தைக் குறைத்துக்கொள்ளலாமே தவிர, இதன் ஜீவன் அந்த நொடிக்கணக்கில்தான் இருக்கிறது.

இவற்றுக்கெல்லாம் மறுகோடியில் நிற்பது, எஸ்தோனியாவில் தோன்றிய ஒரு குழு 2019-இல் வெளியிட்ட ‘டிஸ்கோ எலிசியம்’. நினைவிழந்த ஒரு துப்பறியும் அதிகாரி கொலை வழக்கொன்றை விசாரிக்கும் அக்கதையில் தனியான போர்க்களமே கிடையாது. மனத்தின் 24 திறன்கள் தனித்தனிக் குரல்களாக அவனோடு வாதிடுகின்றன. சம்பாஷணையின் நடுவே இரண்டு பகடைகள் உருள்கின்றன. வெள்ளை நிறச் சோதனையில் தோற்றால், திறனை வளர்த்துக்கொண்டு மீண்டும் முயலலாம். சிவப்பு நிறச் சோதனையோ ஒரே ஒரு முறைதான். வெற்றிக்கு எத்தனை சதவிகித வாய்ப்பு என்பது கண்ணெதிரே எழுதியிருக்க, சொல்லலாமா, மௌனமாக இருந்துவிடலாமா என்று விரல் தயங்கி நிற்கும் அந்தக் கணம், எந்த வாள்வீச்சுக்கும் குறைந்த போர் அன்று. ஆதலால் களம் என்று நாம் சொல்வது ரத்தம் சிந்தும் இடத்தை மட்டும் குறிக்க வேண்டியதில்லை. இயந்திரம் நமக்காகக் காத்திருக்க, நாம் ஒரு முடிவெடுத்து அதன் பலனை ஏற்கும் இடம் எல்லாமே களம்தான்.

கலப்பு இல்லாத இடத்தில் என்ன நிகழ்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். பத்தடி வைப்பதற்குள் எங்கிருந்தோ எதிரிகள் தோன்றுவதும், முன்பு வென்ற அதே விதமாக அவர்களை மீண்டும் வெல்வதும், கதை நகர வேண்டுமானால் இன்னும் சில மணி நேரம் இவ்வாறே வலிமை சேர்த்து வர வேண்டும் என்ற நிலையும் இவ்வகை விளையாட்டின் பழைய நோய்கள். 1995-இல் வந்த ‘கிரோனோ டிரிகர்’ எதிரிகளை வெளிப்படையாகவே நிலத்தில் நடமாட விட்டு அந்நோய்க்கு ஒரு மருந்து கண்டது. பின்னாளில் வந்த ‘பிரேவ்லி டிஃபால்ட்’ எதிர்ப்படும் போர்களின் அளவைக் கூட்டவும் குறைக்கவும் அறவே நிறுத்தவும் ஆடுகிறவருக்கே அதிகாரம் தந்தது. இவை நல்ல வசதிகள். எனினும் ஒரு விளையாட்டின் போர்களையெல்லாம் நிறுத்திவிட்டுக் கதையை மட்டும் பார்க்கத்தான் நம் மனம் விரும்புகிறது என்றால், அதை வாங்கியதன் பிரயோஜனம் என்ன என்று நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். யூடியூபில் எவரோ ஆடுவதைப் பார்த்தாலே முழுப்பயனும் கிட்டிவிடுமானால், அவ்விளையாட்டு நமக்காக ஆனதன்று.

காலமும் மொழியும்

நீளத்தை மதிப்பென்று கருதுவது வாங்குகிறவர்கள் செய்யும் பெருந்தவறுகளுள் ஒன்று. ஒரு மணி நேரத்துக்கு இத்தனை ரூபாய் என்று வகுத்துப் பார்த்து, நூறு மணி நேர விளையாட்டே லாபம் என்று முடிவு கட்டுகிறவர்கள் உண்டு. டோபி ஃபாக்ஸ் என்பவர் பெரும்பாலும் தனியொருவராகவே உருவாக்கி 2015-இல் வெளியிட்ட ‘அண்டர்டேல்’ பத்து டாலருக்கு விற்றது; ஓரிரு விடுமுறை நாள்களில் முடிந்துவிடும். எதிரியைக் கொல்லாமலும் அதில் வெல்லலாம்; கொன்றோமா, விட்டோமா என்பதைக் கதை மறப்பதே இல்லை. கிளேர் ஒப்ஸ்கூரின் மூலக்கதை சுமார் 30 மணி நேரத்தில் பூர்த்தியாகிறது. இவ்விரண்டும் தம்மைப்போல் மூன்று மடங்கு, பத்து மடங்கு நீண்டவற்றுக்குக் கொஞ்சமும் இளைத்தவை அல்ல. விடிய விடியத் தெருக்கூத்துப் பார்க்கப் போகிறவர் மறுநாள் வேலையை எண்ணிப் பார்த்தே பாயை விரிப்பதுபோல, நீண்ட விளையாட்டை வாங்குகிறவரும் அடுத்த இரண்டு மாதத்தில் தமக்கு என்ன அவகாசம் உண்டு என்று பார்த்தே வாங்க வேண்டும். இடையில் மூன்று வாரம் விட்டுவிட்டுத் திரும்பினால் கதையின் இழையும் போரின் யுக்திகளும் ஒருசேர மறந்துபோயிருக்கும்.

தமிழ் வாசகருக்கு மொழியும் ஒரு முக்கிய விஷயம். மேலே சொன்ன விளையாட்டுகள் எதிலும் தமிழ் கிடையாது. பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் படித்தாக வேண்டும். டிஸ்கோ எலிசியத்தில் மட்டும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள் இருக்கின்றன. அவையும் தத்துவமும் அரசியலும் கொச்சையும் கலந்த கடின நடையில் அமைந்தவை. ஆங்கில நாவல்களை விரும்பிப் படிக்கிறவருக்கு அது விருந்து. அகராதியின் துணையோடு படிக்கிறவருக்கு அது தண்டனையாகிவிடக் கூடும். ஆனால் முறைவைத்த ஆட்டம் இங்கேயும் ஓர் உபகாரம் செய்கிறது. எழுத்தை நிதானமாகப் படித்து, புரியாததை மறுபடியும் படித்து, பிறகு முடிவெடுக்கலாம், அவசரப்படுத்துவார் இல்லை. இந்தக் காரணத்தால், ஆங்கிலத்தை வளர்த்துக்கொள்ள விரும்பும் இளைஞர்களுக்கு எளிய நடையுள்ள விளையாட்டுகளைத் தயங்காமல் சிபாரிசு செய்யலாம்.

எப்போது வாங்குவது, எதை வாங்குவது

இவ்வகை விளையாட்டுகளில் பதிப்பு பார்த்து வாங்குவது மிகவும் அவசியம். பெர்சோனா 5 ஆங்கிலத்தில் 2017-இல் வந்தது. புதிய பாத்திரங்களும் கூடுதலாக ஒரு பள்ளிப் பருவமும் சேர்த்து விரிவாக்கிய ‘ராயல்’ பதிப்பு 2020-இல் தனி விலையில் வந்தது. பழைய பதிப்பில் ஆடிச் சேர்த்த முன்னேற்றத்தைப் புதியதற்குக் கொண்டுசெல்ல வழியில்லை. முதலில் வாங்கியவர் முழுக்கதையும் வேண்டுமானால் மறுபடி விலைகொடுத்து, மறுபடி நூறு மணி நேரம் ஆட வேண்டியதாயிற்று. இதற்கு மாறாக, டிஸ்கோ எலிசியம் 2021-இல் வசனம் முழுவதற்கும் குரல் சேர்த்த பதிப்பை ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு இலவசமாகவே தந்தது. பால்டர்ஸ் கேட் 3-உம் 2025 வரையில் புதிய அம்சங்களை விலையின்றிச் சேர்த்துக்கொண்டே வந்தது. இன்ன நிறுவனத்தின் வழக்கம் இன்னது என்று அறிந்து, அதற்கேற்ப உடனே வாங்குவதோ காத்திருப்பதோ நலம்.

கதை ஒரே பாகத்தில் முடிகிறதா என்பதும் கேட்டறிய வேண்டியது. ஃபால்காம் நிறுவனத்தின் ‘டிரெயில்ஸ் இன் தி ஸ்கை’ முதற்பாகம், கதை உச்சத்தை எட்டிய இடத்தில் நின்றுவிடுகிறது. அது ஆங்கிலத்தில் 2011-இல் வந்தது. அதன் தொடர்ச்சிக்காக ஆங்கில வாசகர்கள் 2015 வரை காத்திருக்க நேர்ந்தது. இன்று அக்காத்திருப்பு இல்லை. எனினும் அது ஒரு நீண்ட வரிசையின் முதற்படி என்பதை அறிந்தே காலெடுத்து வைக்க வேண்டும். இவற்றோடு, பால்டர்ஸ் கேட் 3-க்குச் சுமார் 150 ஜிபி இடம் தேவை என்பதுபோன்ற உலகியல் விவரங்களையும், மாதத்துக்கு இவ்வளவுதான் என்ற அளவோடு இணைய இணைப்பு வைத்திருப்பவர்கள் புறக்கணிக்கலாகாது.

பரீட்சை செய்யும் வழிகள்

களத்தைக் கையால் தொட்டே அறிய வேண்டும் என்று சொன்னோம். அதற்கு வழிகள் இல்லாமல் இல்லை. ‘ஆக்டோபாத் டிராவலர்’ மூன்று மணி நேர முன்னோட்டத்தை இலவசமாகத் தந்தது; டிராகன் குவெஸ்ட் பதினொன்றாம் பாகத்தின் விரிவாக்கப் பதிப்பு, கதையின் முதல் சில மணி நேரங்கள் முழுவதையும் இலவசமாக ஆட விட்டு, பின்னர் வாங்கினால் விட்ட இடத்திலிருந்து தொடரவும் வகை செய்தது. ஸ்டீம் அங்காடியில் வாங்கிய 14 நாள்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால், பணத்தைத் திரும்பப் பெறலாம். ஜிஓஜி அங்காடி 30 நாள்கள் வரை அவகாசம் தருகிறது. மாதச் சந்தா கட்டிப் பல விளையாட்டுகளை ஆடும் ஏற்பாடுகளும் உண்டு. கிளேர் ஒப்ஸ்கூர் வெளியான அன்றே அத்தகைய ஒரு சந்தாவில் கிடைத்தது.

ஆயினும் இரண்டு மணி நேரம் என்பது இவ்வகைக்குப் பல சமயங்களில் போதுமானதன்று. பெர்சோனா 5-இல் முதல் சில மணி நேரம் கதையே நம்மைக் கைப்பிடித்து அழைத்துச் செல்கிறது. நம் விருப்பப்படி ஒரு மாலைப்பொழுதைச் செலவிடும் உரிமை கிட்டுமுன்னரே திருப்பித்தரும் கெடு கடந்துவிடும். அத்தகையவற்றுக்கு, நடுப்பகுதியில் வரும் சாதாரணப் போர் ஒன்றையும் பெரும்போர் ஒன்றையும் பிறர் ஆடப் பார்ப்பது நல்ல உபாயம். பெரும்போர்கள் எல்லா விளையாட்டிலும் கவர்ச்சியாகவே இருக்கும். சாதாரணப் போரில் ஆடுகிறவர் யோசிக்கிறாரா, யோசனையின்றி ஒரே பொத்தானை அமுக்குகிறாரா என்பதைக் கவனித்தால் விளையாட்டின் ஸ்வபாவம் தெரிந்துவிடும். அபிப்பிராயம் கேட்பதிலும் ஒரு முறை உண்டு. முடித்தவர்கள் எல்லோரும் பெரும்பாலும் புகழ்வார்கள், பிடித்ததனால்தானே முடித்தார்கள்? பாதியில் நிறுத்தியவர் ஒருவரைத் தேடி, எந்த இடத்தில், எதனால் நிறுத்தினார் என்று கேட்க வேண்டும். கதை மந்தமானதால் நிறுத்தினார் என்றால் அது ருசிபேதம். போர் அலுத்ததால் நிறுத்தினார் என்றால் நாமும் அங்கேயே நிறுத்தக்கூடும்.

முடிவு

இதுவரை கண்டவற்றைத் தொகுத்தால் நியாயமான தீர்ப்பு இதுவாகும். சாதாரணப் போர் ஒன்றை, கதை ஏதும் தெரியாமலே, இன்னொரு தடவை ஆட மனம் விரும்புகிறதா? களத்தில் எடுக்கும் முடிவுகள் கதையின் பொருளை ஆழப்படுத்துகின்றனவா? அதன் மொழியை நாம் சிரமமின்றிப் படிக்க முடியுமா? அது கேட்கும் காலம் நம்மிடம் உண்டா? இந்நான்குக்கும் ஆம் என்ற விடை கிட்டினால், முழு விலை கொடுத்தும் வாங்கலாம்; அது விரயமாகாது. முதல் இரண்டுக்கும் இல்லை என்ற விடை வந்தால், எத்தனை விருதுகள் பெற்றதானாலும், எவ்வளவு தள்ளுபடியில் கிடைத்தாலும் வேண்டாம். கடைசி இரண்டில் மட்டும் தயக்கம் இருக்குமானால், கைவிட வேண்டியதில்லை. அதற்குரிய காலம் வரும்வரை ஒத்திவைத்தால் போதும். விலை பெரும்பாலும் இறங்குமே தவிர ஏறப் போவதில்லை. நல்ல கதை கெட்டுப்போகிற சரக்கும் அன்று.

பண்டிகைக்காலத் தள்ளுபடியில் பத்து விளையாட்டுகளை வாங்கிக் குவித்து, ஒன்றிலும் முதல் ஊரைத் தாண்டாமல் கிடப்பவர்கள் இன்று மிகப் பலர். பொருளும் போய், ரசனையும் மழுங்கிவிடும் வழி அது. ஆண்டுக்கு ஒன்றே ஆனாலும், நன்றாகப் பரீட்சித்து வாங்கி, அதன் மனிதர்களோடு பழகி, அதன் முடிவுவரை கூடவே செல்கிறவருக்குத்தான் இக்கலை தன் முழுப்பயனையும் தருகிறது.